கௌரவத்துக்குள் ஒரு கண்கட்டு வித்தை: ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடும் முறை

பிரஸ்டீஜ் என்றால் கௌரவம் என்று நமக்குத் தெரியும். பல வீடுகளில் அது குக்கரின் பெயரும்கூட. ஆனால் 1650களில் இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்கியபோது அதற்கு ஏமாற்று வித்தை என்றுதான் பொருள். கிளாமர், சார்ம், ஃபாசினேட் என்று இதே மாதிரி மாயத்திலிருந்து மதிப்புக்கு நகர்ந்த சொற்கள் இன்னும் பல உண்டு.

இவற்றின் வேரைத் தேடும் வேலையைப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பலமுறை செய்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இன்றைய பொருளிலிருந்து நேராக லத்தீன் வேருக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் அந்தச் சொல்லின் வாழ்க்கை. அது விட்டுப்போனால் கையில் மிஞ்சுவது இரண்டு தனித்தனித் தகவல்கள் மட்டுமே. அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பிரஸ்டீஜையே முழு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படும் இடத்தில் மற்ற சொற்களும் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது இரண்டு ஆங்கில அகராதிகள் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய எழுத்துகளிலிருந்து ஆண்டு வாரியாக மேற்கோள் தருவதுதான் அதன் சிறப்பு. அது இல்லையென்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெரியம்-வெப்ஸ்டரும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரியும் போதும். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு அகராதி உறுதியாகச் சொல்வதை இன்னொன்று ‘இருக்கலாம்’ என்று சொல்லும். அந்த வேறுபாடு இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணில் படும்.

லத்தீனுக்கு 1879இல் வெளிவந்த லூயிஸ்-ஷார்ட் அகராதி இணையத்தில் உண்டு. தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்.

அப்புறம் ஒரு நோட்டு. அதில் கோடு போட்டு நெடுக்காக ஐந்து பத்தி பிரியுங்கள்: ஆண்டு, மொழி, வடிவம், பொருள், உறுதி. வடிவத்தையும் பொருளையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சொல்லின் எழுத்து அப்படியே இருக்கும்போது பொருள் தலைகீழாகிவிடும். பொருள் நிற்கும்போது எழுத்து மாறிப்போகும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் எது எப்போது மாறியது என்று பிறகு பிரிக்க முடியாது.

வடிவத்தை எழுதும்போது மூலமொழியின் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் எழுதி வைத்தால் நம் ‘ப’ இரண்டு ஒலிகளுக்கும் ‘க’ இரண்டு ஒலிகளுக்கும் நிற்கும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது அகராதியில் எதைத் தேடினோம் என்றே தெரியாது.

2. இன்றைய பொருளை வாக்கியமாக எழுதுவது

தெரிந்த சொல்தானே என்று இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். ஒரே எழுத்துக்கூட்டலில் வெவ்வேறு சொற்கள் ஒளிந்திருக்கும். ‘கான்’ நல்ல உதாரணம். ஒரு திட்டத்தின் நன்மை தீமைகளைப் பேசும்போது ‘ப்ரோஸ் அண்ட் கான்ஸ்’ என்கிறோமே, அந்தக் கான் ‘எதிராக’ என்னும் லத்தீன் சொல்லான கான்ட்ராவின் சுருக்கம். மோசடிக்காரனைக் ‘கான் மேன்’ என்கிறோமே, அது கான்ஃபிடன்ஸ் என்பதன் சுருக்கம். இரண்டுக்கும் உறவில்லை. வாக்கியம் எழுதியிருந்தால் எந்தக் கானைத் தேடுகிறோம் என்பது முதலிலேயே தெளிவாகிவிடும்.

பிரஸ்டீஜுக்கு இரண்டு வாக்கியம் போதும். ‘அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பிரஸ்டீஜ் இருக்கிறது’, ‘இது எனக்குப் பிரஸ்டீஜ் பிரச்சினை.’ முதலாவதில் பிறர் தருகிற மதிப்பு. இரண்டாவதில் நாமே காத்துக்கொள்ள நினைக்கிற மானம். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

3. முதல் பதிவின் ஆண்டும் அப்போதைய பொருளும்

இனி ஆண்டு. அகராதி தரும் முதல் ஆண்டைச் சொல் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதுவரை கிடைத்த எழுத்துகளில் மிகப் பழையது அது, அவ்வளவுதான். அதற்கு முன்பே பேச்சில் இருந்திருக்கலாம்.

பிரஸ்டீஜ் 1650களில் வருகிறது. பொருள்: வித்தை, மாயத்தோற்றம். பிரஸ்டீஜியஸ் என்ற உரிச்சொல்லையும் தேடுங்கள். இங்கேதான் புதியவர்கள் வியப்படைகிறார்கள். உரிச்சொல் ஒரு நூற்றாண்டு மூத்தது, 1540களைச் சேர்ந்தது. ‘மாயம் காட்டுகிற, ஏமாற்றுகிற’ என்று அதற்குப் பொருள். பெயர்ச்சொல்லிலிருந்துதான் உரிச்சொல் உண்டாகியிருக்கும் என்ற நம் ஊகம் இங்கே நிற்காது. அது லத்தீனிலிருந்து தனியாக வந்தது. ‘பெருமைக்குரிய’ என்ற இன்றைய பொருள் பிரஸ்டீஜியஸுக்குக் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதனால் ஒரே குடும்பத்துச் சொற்களாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதுங்கள். ஒன்றின் ஆண்டை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

சில சொற்களுக்கு முதல் பதிவே முழுக் கதையையும் சொல்லிவிடும். 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவன் கைதானான். நன்றாக உடுத்தியவர்களிடம் தெருவில் பழகிய மனிதன்போலப் பேச்சுக் கொடுப்பான். நாளை வரை உங்கள் கைக்கடிகாரத்தை என்னிடம் ஒப்படைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பான். கொடுத்தவர்களுக்குக் கடிகாரம் திரும்பவில்லை. செய்தித்தாள்கள் அவனைக் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’ என்று எழுதின. நம்பிக்கை என்ற நல்ல சொல் மோசடியின் பெயரானது அவன் கேட்ட அந்தக் கேள்வியால்தான்.

4. ஒரு மொழிக்கு ஒரு படி

இப்போது பின்னோக்கி நடக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மொழி மட்டும். பிரஸ்டீஜுக்கு ஆங்கிலம், அதற்கு முன் பிரெஞ்சு, அதற்கு முன் லத்தீன். லத்தீன் வடிவம் பிரைஸ்டிகியே. வித்தைக்காரன் காட்டும் வித்தைகள் என்று பொருள்.

‘லத்தீனிலிருந்து வந்தது’ என்று ஒரே வரியில் முடித்தால் பிரெஞ்சு விட்டுப்போகும். இந்தச் சொல்லின் பொருள் மாறியதில் பிரெஞ்சுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை ஆறாவது படியில் பார்ப்போம்.

கிளாமரில் இந்தப் படியைத் தவறவிட்டால் ஒன்றுமே புரியாது. கிளாமர் என்பது கிராமர், அதாவது இலக்கணம், என்ற சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றால் லத்தீன் படிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குப் படித்தவன் கையிலிருந்த புத்தகத்தில் மந்திரமும் இருப்பதாகத் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் கிளாமர் என்றால் கண்ணை மயக்கும் மந்திரம். அதை ஆங்கில வாசகர்களிடையே பரப்பியவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். பிரெஞ்சிலும் மந்திர நூலைக் குறிக்கும் க்ரிம்வார் என்ற சொல் இலக்கணம் என்ற சொல்லின் திரிபுதான். ஸ்காட்லாந்து என்ற படியைத் தாண்டி ‘கிளாமர், கிரேக்கம்’ என்று எழுதினால் இலக்கணத்துக்கும் சினிமாக் கவர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

5. சொல்லைப் பிரிப்பது

பிரிக்கும் வேலையை மூலமொழியில்தான் செய்ய வேண்டும். ஆங்கில வடிவத்தை வைத்துக்கொண்டு ‘பிரஸ்’ தனி, ‘டீஜ்’ தனி என்று வெட்டுவது வீண் வேலை. அந்த வெட்டு லத்தீனில் இல்லை.

பிரைஸ்டிகியே என்பது முன்பு பிரைஸ்ட்ரிகியே என்று இருந்து ஒரு ‘ர’வை இழந்தது என்பது பெரும்பாலான அகராதிகள் ஏற்கும் விளக்கம். அதன் பின்னால் பிரைஸ்ட்ரிங்கெரெ என்ற வினை நிற்கிறது. பிரை என்றால் முன்னால். ஸ்ட்ரிங்கெரெ என்றால் இறுக்கிக் கட்டுவது. லத்தீனில் இந்த வினையைக் கண்களோடு சேர்த்துச் சொன்னால் கண்ணைக் கூச வைப்பது, பார்வையை மழுங்கடிப்பது என்று பொருள்.

கண்ணைக் கட்டுவது! நம் கண்கட்டு வித்தை அப்படியே அங்கே இருக்கிறது. தெருவில் துணியை விரித்து வித்தை காட்டுகிறவர் நம் கண்ணில் துணி கட்டுவதில்லை. விழித்திருக்கும்போதே பார்வையைக் கட்டிவிடுகிறார். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் இதை ஒரே மாதிரி பார்த்திருக்கின்றன. இந்த ஒப்புமையை நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். உறவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏன் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

அந்த ‘ர’ எங்கே போனது? ஒரே சொல்லில் இரண்டு ‘ர’ அடுத்தடுத்து வந்தால் நாக்குக்குச் சிரமம். ஒன்று விழும், அல்லது வேறு ஒலியாகும். பிரைஸ்ட்ரிகியேவில் விழுந்தது, கிராமரில் முதல் ‘ர’ ‘ல’வாகிக் கிளாமர் வந்தது. நாமும் மதுரையை மருதை என்றும் குதிரையைக் குருதை என்றும் பேச்சில் சொல்கிறோம். அங்கே ‘ர’ விழவில்லை, இடம் மாறுகிறது. வகை வேறானாலும் நாக்கின் சௌகரியம்தான் இரண்டிலும் வேலை செய்கிறது.

இதே முறையில் இன்னும் சில சொற்களைப் பிரித்துப் பழகுங்கள். இல்யூஷனில் இருப்பது லூடெரெ, அதாவது விளையாடுவது. ஒருவரை வைத்து விளையாடுவது, கேலி செய்வது என்பதிலிருந்து மாயத்தோற்றம் வந்தது. கூட்டுச் சதியைக் குறிக்கும் கலூஷனிலும் அதே லூடெரெதான், சேர்ந்து விளையாடுவது. டிசீவில் இருப்பது காபெரெ, பிடிப்பது. ஒருவரைப் பொறியில் பிடிப்பதுதான் ஏமாற்றுவது. நாம் வழங்கும் ஜாலம் என்ற வடசொல்லுக்கும் முதல் பொருள் வலை. மவுன்டிபேங்க் இத்தாலியச் சொல். பெஞ்சின்மேல் ஏறு என்று பொருள். சந்தையில் பெஞ்சில் ஏறி நின்று போலி மருந்து விற்றவனுக்கு அந்தப் பெயர். ஊர்த் திருவிழாவில் மேடை போட்டு லேகியம் விற்கிறவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

6. பொருள் திரும்பிய இடம்

இந்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். ஏமாற்று வித்தை எப்படிக் கௌரவமாகும்? ஒரே பாய்ச்சலில் ஆகாது. நடுவில் சிறு சிறு நகர்வுகள் இருக்கும். ஒவ்வொரு நகர்வும் ‘இதிலிருந்து இது வருவது இயல்புதான்’ என்று தோன்றும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய தாவல் தெரிந்தால் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பிரஸ்டீஜின் நகர்வு இப்படி. முதலில் வித்தை. பிறகு அந்த வித்தை பார்ப்பவர்மேல் போடும் மயக்கம். பிறகு ஒரு மனிதரின் பெயரோ வெற்றியோ பிறர்மேல் போடும் மயக்கம். கடைசியாக அந்தப் பெயருக்குரிய மதிப்பு. இதில் மூன்றாவதாகச் சொன்ன பொருள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1815ஐ ஒட்டி, பெரும்பாலும் நெப்போலியனைப் பற்றிய பேச்சில் அது தென்படுகிறது. அவர் பெயரைக் கேட்டாலே எதிரிகள் கலங்கினார்கள். அந்தக் கலக்கத்தில் உண்மையான வலிமை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று பிரிக்க முடியாத நிலையை இந்தச் சொல் நன்றாகப் பிடித்தது. மெல்ல மெல்ல மயக்கம் என்ற நிழல் விலகி மதிப்பு மட்டும் நின்றது.

சார்மும் ஃபாசினேட்டும் இதே பக்கம்தான் நகர்ந்தன. சார்மின் லத்தீன் மூலம் கார்மென், பாட்டு அல்லது மந்திரப் பாட்டு. ஃபாசினேட் முதலில் பில்லிசூனியம் வைப்பது. இன்று இரண்டும் பாராட்டுச் சொற்கள்.

எல்லாம் மேலேதான் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியில் டக் என்றால் ஏமாற்றுக்காரன். 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1830களில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமன் வழிப்பறிக் கூட்டங்கள்மேல் எடுத்த நடவடிக்கைகளுக்குப் பிறகு, அது ஆங்கிலத்தில் தக் என்று பரவி முரட்டு ரவுடியைக் குறிக்கத் தொடங்கியது. இன்று ஆங்கிலத் தக்குக்கு ஏமாற்றும் திறமை தேவையில்லை, அடித்தால் போதும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, பழைய பொருளையே ‘உண்மையான பொருள்’ என்று எடுத்துக்கொள்வது. ‘பிரஸ்டீஜ் என்றால் உண்மையில் ஏமாற்று’ என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இன்று ஒருவர் பிரஸ்டீஜ் என்று சொன்னால் மதிப்பைத்தான் சொல்கிறார். பழைய பொருள் அந்தச் சொல் வந்த வழியைக் காட்டும், சொல்கிறவரின் மனதைக் காட்டாது.

7. உறவு எது, ஒப்புமை எது

வேர் கிடைத்ததும் அதன் உறவினர்களைத் தேடுங்கள். உறவு இருந்தால் வேர் சரியா என்று சரிபார்க்க உதவும். ஸ்ட்ரிங்கெரெயின் வழியில் ஸ்ட்ரிக்ட், ஸ்ட்ரின்ஜென்ட், துவர்ப்பைக் குறிக்கும் அஸ்ட்ரின்ஜென்ட், ஏன், மாவட்டத்தைக் குறிக்கும் டிஸ்ட்ரிக்ட்கூட வருகிறது. எல்லாவற்றிலும் இறுக்குவது, கட்டுப்படுத்துவது என்ற கருத்து இருக்கிறது. ஆனால் கயிற்றைக் குறிக்கும் ஸ்ட்ரிங் இந்தக் கடன் வரிசையில் சேராது. அது ஆங்கிலத்துக்குப் பரம்பரையாக வந்த ஜெர்மானியச் சொல்.

நம்மவர்கள் அதிகம் விழும் பள்ளம் வேறு. இந்தியிலும் மராத்தியிலும் கௌரவத்தைப் பிரதிஷ்டா என்பார்கள். ஒலியும் பொருளும் பிரஸ்டீஜுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ‘சமஸ்கிருதத்திலிருந்துதான் போயிருக்கிறது’ என்று உடனே எழுதிவிடுவார்கள். பிரதிஷ்டாவின் உள்ளே இருக்கும் ‘ஸ்தா’ நிற்பதைக் குறிக்கும். கோயிலில் சிலையைப் பிரதிஷ்டை செய்வதிலும் அதே நிற்பதுதான். பிரஸ்டீஜின் உள்ளே இருப்பது கட்டுவது. அதோடு பிரஸ்டீஜின் பழைய பொருளில் கௌரவமே கிடையாது. இன்றைய ஆங்கிலத்தையும் இன்றைய இந்தியையும் ஒப்பிட்டதால் வந்த தவறு இது. இரண்டு சொற்களை ஒப்பிடும்போது இரண்டின் பழைய வடிவத்தையும் பழைய பொருளையும் ஒப்பிடுங்கள்.

உண்மையான உறவு எதிர்பாராத இடத்தில் இருக்கும். கௌரவம் என்ற வடசொல் குரு என்பதிலிருந்து வருகிறது. குரு என்றால் கனமானது. லத்தீனில் கனத்தைக் குறிக்கும் கிராவிஸ் அதற்கு உடன்பிறப்பு. அதிலிருந்து வந்தது கிராவிட்டி. ஆக, கௌரவத்தின் ஆங்கிலச் சொந்தம் புவியீர்ப்பைக் குறிக்கும் சொல்தான்.

8. கதைகளைச் சோதிப்பது

சுவையான கதை கிடைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சொல் எப்போது எழுத்தில் வந்தது? கதை எப்போது எழுத்தில் வந்தது? கதையில் சொல்லப்படும் பொருள் ஏதாவது ஒன்று கண்ணால் பார்க்கக் கிடைக்கிறதா?

பணக்காரப் பகட்டைக் குறிக்கும் போஷ் என்ற சொல்லுக்கு நம் நாட்டோடு சேர்ந்த ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பணக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறை கேட்பார்களாம். வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். அதைச் சொல்லும் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைப் பயணச்சீட்டில் குத்துவார்களாம். அப்படிக் குத்திய ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. சொல் 1910களிலேயே எழுத்தில் இருக்கிறது. இந்த விளக்கம் பல ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. மூன்று கேள்வியில் இரண்டில் தோற்றுவிட்டது.

ஸ்னாபும் அப்படியே. ‘உயர்குடி அல்லாதவர்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் என்பார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்னாப் என்றால் செருப்புத் தைப்பவர். பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊர்க்காரர்களை அப்படி அழைத்தார்கள். உயர்ந்தவர்போலக் காட்டிக்கொள்பவர் என்ற பொருள் அதற்கும் பின்னால் வந்தது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்குவது 20ஆம் நூற்றாண்டுக்கு முன் அபூர்வம். அப்படி ஒரு விளக்கத்தைப் பார்த்தாலே எச்சரிக்கையாகுங்கள்.

9. உறுதிப் பத்தியை நிரப்புவது

ஐந்தாவது பத்தியில் மூன்று குறிகளில் ஒன்று போடுங்கள்: உறுதி, பெரும்பாலும், ஊகம். அகராதியில் இருக்கும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லைப் புதியவர்கள் நகலெடுக்கும்போது விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேர் கைமாறியதும் ஊகம் உண்மையாகிவிடுகிறது.

கார்மெனிலிருந்து சார்ம்: உறுதி. ஏமாளியைக் குறிக்கும் டியூப், பிரெஞ்சில் கொண்டலாத்திப் பறவையின் பெயரிலிருந்து வந்தது: பெரும்பாலும். அந்தப் பறவையை அங்கே அசடு என்று நினைத்தார்கள். புரளியைக் குறிக்கும் ஹோக்ஸ், ஹோகஸ் என்பதன் சுருக்கம்: பெரும்பாலும். வித்தைக்காரர்கள் சொல்லும் ஹோகஸ் போகஸ், கிறிஸ்தவத் திருப்பலியில் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் கேலி வடிவம்: ஊகம். காண்டர்பரி பேராயராக இருந்த ஜான் டில்லட்சன் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொன்னது என்பதால் அது உறுதியாகிவிடாது.

ஏமாற்றிக் குழப்புவதைக் குறிக்கும் பாம்பூசில் என்ற சொல்லுக்கு வேர் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திடீரென்று வருகிறது. புதிதாகக் கிளம்பிய இந்த மாதிரிச் சொற்கள் மொழியைக் கெடுக்கின்றன என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதினார். சொல் அதையும் தாண்டிப் பிழைத்துவிட்டது. இதற்கு நோட்டில் ‘வேர் தெரியவில்லை’ என்று எழுதி அடுத்த சொல்லுக்குப் போங்கள். வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசையில்தான் போஷ் கதைகள் பிறக்கின்றன.

10. தமிழில் பதிவாக எழுதுவது

கடைசியாக, நோட்டின் ஐந்து பத்தியிலும் உள்ளதை ஓட்டமான தமிழில் ஒரு சிறு குறிப்பாக்குங்கள். ஆண்டு வரிசையில் பழையதிலிருந்து புதியதுக்கு வாருங்கள். தேடும்போது பின்னோக்கி நடந்தோம். படிப்பவருக்கு முன்னோக்கிச் சொன்னால்தான் பொருள் மாறியது புரியும். பிரஸ்டீஜுக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

‘லத்தீனில் வித்தைக்காரனின் வித்தை. பெரும்பாலும் கண்ணைக் கட்டுவது என்ற வினையிலிருந்து. பிரெஞ்சு வழியாக 1650களில் ஆங்கிலத்துக்கு, அதே பொருளில். 1815ஐ ஒட்டி, ஒருவர் பெயர் பிறர்மேல் போடும் மயக்கம். நெப்போலியனைப் பற்றிய பேச்சில் அதிகம். பிறகு மதிப்பு, செல்வாக்கு. தமிழ் ஒப்புமை: கண்கட்டு வித்தை. உறவு இல்லை.’

இதே வரிசையில் அடுத்து எடுக்க நல்ல சொல் நேபாப். துணை அதிகாரியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து நம் நவாப் வழியாக, இந்தியாவில் பணம் குவித்துத் திரும்பிய ஆங்கிலேயரைக் குறிக்கும் 18ஆம் நூற்றாண்டுச் சொல் வரை அது போகிறது. நடுவில் எத்தனை படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.